எழுதும் காலக்கெடு மீறல் (அப்பாச்சி கசாண்ட்ரா)

எழுதும் காலக்கெடு மீறல் என்பது, பரவல் தரவுத்தளம் ஒன்றுக்கு எழுத அனுப்பிய தரவைத் தேவையான எண்ணிக்கையிலான கணுக்கள் பெற்றுக்கொண்டதாகக் குறித்த நேரத்துக்குள் பதில் வராதபோது தோன்றும் பிழை ஆகும். நிரலாளர்களிடையே இது ரைட் டைம்அவுட் என்றே வழங்குகிறது. அப்பாச்சி கசாண்ட்ராவில் இக்காலக்கெடுவின் இயல்பு மதிப்பு 2 நொடி. சுமை மிகும் நேரங்களில் அடிக்கடி எழும் இப்பிழை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தரவு எழுதப்படவில்லை என்று எண்ணுவது ஒன்று. காலக்கெடுவை நீட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது மற்றொன்று. முதல் தவறு தரவைக் கெடுக்கிறது. இரண்டாவது, தடுமாறிக்கொண்டிருக்கும் கணினிக் கொத்தை, அதாவது கிளஸ்டரை, முழுதாகச் சாய்த்துவிடக்கூடும்.

பின்னணி

கசாண்ட்ரா, பேஸ்புக் நிறுவனத்தில் அவினாஷ் லட்சுமண், பிரசாந்த் மாலிக் ஆகியோரால் பயனர்களின் செய்திப்பெட்டித் தேடலுக்காக உருவாக்கப்பட்டது. 2008 இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டு, 2010 இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமாக உயர்ந்தது. நகல்களைப் பல கணுக்களில் பரப்பும் முறையை அமேசானின் டைனமோவிலிருந்தும், தரவை வட்டில் அடுக்கும் முறையைக் கூகுளின் பிக்டேபிளிலிருந்தும் இது எடுத்துக்கொண்டது. டைனமோ பற்றிய 2007 ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களுள் லட்சுமணும் ஒருவர்.

கசாண்ட்ராவில் தலைமைக் கணு என்று ஒன்றில்லை. எழுதும்போது வட்டில் பழைய வரியைத் தேடிச் சென்று திருத்தும் வேலையும் இல்லை. புதியதைக் கடைசியில் சேர்ப்பதோடு சரி. எனவே எழுதுவதில் விரைவானது என்று இத்தரவுத்தளம் பெயர்பெற்றது. அப்படிப்பட்ட ஒன்றில் எழுதுதல் 2 நொடிக்கு மேல் ஆகிறது என்றால், எழுதும் வேலையே மெதுவாக நடப்பதாகப் பெரும்பாலும் பொருளில்லை. அந்த வேலை தன் முறைக்காக எங்கோ வரிசையில் நிற்கிறது என்பதே பொருள். அந்த வரிசை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இச்சிக்கலைத் தீர்ப்பதன் முக்கால் பங்கு.

எழுதும் வழி

பயன்பாட்டு நிரல் கிளஸ்டரின் எந்தக் கணுவோடும் பேசலாம். அது பேசும் கணு அந்தக் கோரிக்கைக்கு ஒருங்கிணைப்புக் கணுவாகிறது. வரியின் பார்ட்டிஷன் சாவியை மர்மர்3 என்னும் சிதறல் சார்பில் இட்டு, அவ்வரி எந்தெந்தக் கணுக்களுக்கு உரியது என்று அது கணக்கிடுகிறது. மூன்று நகல்கள் என்ற வழக்கமான அமைப்பில் மூன்று கணுக்களுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. ஆனால் எத்தனை பதில்களுக்காகக் காத்திருப்பது என்பதைக் கோரிக்கையோடு வரும் இசைவு நிலை தீர்மானிக்கிறது. ஒன்று போதும் என்றால் ஒரு பதில். குவோரம் எனப்படும் பெரும்பான்மை என்றால் மூன்றில் இரண்டு. 2 நொடிக்குள் இரண்டு பதில்கள் வந்தால் வெற்றி. ஒன்றுதான் வந்திருந்தால் காலக்கெடு மீறல்.

நகல் கணுவில் அச்செய்தி முதலில் ஒரு வரிசையில் சேர்கிறது. அவ்வரிசையிலிருந்து செய்திகளை எடுத்து வேலைசெய்யும் இழைகளின் எண்ணிக்கை இயல்பாக 32. இழை ஒன்று செய்தியை எடுத்ததும், கமிட்லாக் என்னும் பதிவுக்கோப்பின் கடைசியில் அதைச் சேர்க்கிறது. பிறகு நினைவகத்திலுள்ள மெம்டேபிளில் இடுகிறது. பின்னர் பதில் அனுப்புகிறது. மெம்டேபிள் நிறைந்ததும் அது எஸ்எஸ்டேபிள் என்ற மாறாத கோப்பாக வட்டில் எழுதப்படும். இப்படிச் சேரும் சிறு கோப்புகளைப் பின்னணியில் இணைத்துப் பெரிதாக்கும் வேலைக்குக் கம்பாக்‌ஷன் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இயல்பு அமைப்பில் கமிட்லாக் ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டில் உறுதிசெய்யப்படுவதில்லை. 10 நொடிக்கு ஒருமுறை மொத்தமாக உறுதிசெய்யப்படுகிறது. ஆகவே சாதாரண நாள்களில் எழுதும் வழியில் வட்டு குறுக்கிடுவதே இல்லை. ஆனால் அந்த உறுதிசெய்தல் உரிய நேரத்தில் முடியாமல் பின்தங்கினால், எழுத வந்த இழைகள் அனைத்தும் அங்கேயே நிறுத்தப்படும். மெம்டேபிளுக்கென ஒதுக்கிய நினைவகம் தீர்ந்தாலும் அப்படியே: ஏதாவது ஒரு மெம்டேபிள் வட்டில் இறங்கி இடம் காலியாகும் வரை புதிய எழுத்துகள் காத்திருக்கும். நேற்று வரை சுமையைத் தாங்கிய கிளஸ்டர் இன்று திடீரென நின்றுபோவது பெரும்பாலும் இவ்விரு வாயில்களில் ஒன்றில்தான்.

பிழைச் செய்தி சொல்வதும் சொல்லாததும்

காலக்கெடு மீறியதும் ஒருங்கிணைப்புக் கணு அனுப்பும் பிழையில் நான்கு விவரங்கள் இருக்கும்: இசைவு நிலை, தேவைப்பட்ட பதில்கள், வந்த பதில்கள், எழுத்தின் வகை. பலர் இவற்றைப் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். இரண்டு தேவை, ஒன்று வந்தது என்றால் குறைந்தது ஒரு கணுவில் தரவு எழுதப்பட்டுவிட்டது. இரண்டு தேவை, சுழியம் வந்தது என்றாலும் எங்கும் எழுதப்படவில்லை என்று கொள்ள முடியாது. மூன்று கணுக்களிலும் எழுதப்பட்டு, பதில்கள் மட்டும் தாமதமாகியிருக்கலாம். காலக்கெடு மீறினால் கசாண்ட்ரா எதையும் திரும்பப் பெறுவதில்லை. ஒருங்கிணைப்புக் கணு காத்திருப்பதை நிறுத்திக்கொண்டது என்பது மட்டுமே அப்பிழையின் முழுப்பொருள்.

இதற்கு நேர்மாறானது, போதிய கணுக்கள் இல்லை என்று சொல்லும் அன்அவெய்லபிள் பிழை. தேவையான எண்ணிக்கையில் கணுக்கள் உயிரோடு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்து, எழுத முயலாமலே திருப்பியனுப்பப்படும்போது அது வரும். அப்போது எதுவும் எழுதப்பட்டிருக்காது. இரண்டு பிழைகளையும் ஒரே மாதிரி கையாளும் நிரல் ஏதாவது ஒன்றில் தவறியே தீரும்.

எழுத்தின் வகையும் முக்கியமானது. பதிவுசெய்யப்பட்ட தொகுப்பு, அதாவது லாக்டு பேட்ச், முதலில் வேறு கணுக்களில் குறித்துவைக்கப்பட்ட பிறகே எழுதப்படுகிறது. பிழையில் பேட்ச் என்று வந்தால் குறித்துவைத்தல் முடிந்துவிட்டது. தொகுப்பு இன்றில்லாவிட்டாலும் சற்றுப் பின்னர் முழுமையாக எழுதப்படும். பேட்ச் லாக் என்று வந்தால் குறித்துவைப்பதே உரிய நேரத்தில் முடியவில்லை. ஜாவா இயக்கியின் இயல்பான மறுமுயற்சிக் கொள்கை, எழுதும் காலக்கெடு மீறல்களில் இந்த இரண்டாவது வகையை மட்டுமே தானாக மீண்டும் முயல்கிறது. மற்றவற்றை நிரலாளரின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. அப்படி விட்டதற்குக் காரணம் உண்டு.

ஒரு பயனரின் முகவரியை மாற்றும் எழுத்தை ஒரே நேரமுத்திரையோடு பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். எண்ணிக்கையை ஒன்று கூட்டு என்னும் எண்ணி நிரல், அதாவது கவுண்டர், அப்படியல்ல. முதல் முயற்சி உண்மையில் வென்றிருந்தால் இரண்டாவது முயற்சி அதை இரண்டாக்கும். பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பதும் இதே வகை. பணம், சரக்கிருப்பு, வாக்கு போன்றவற்றைக் கவுண்டரில் வைத்துவிட்டு மறுமுயற்சியையும் இயக்கியிருப்பவர்களுக்குச் சுமை மிகுந்த நாளின் கணக்கு ஒருபோதும் நேராகாது. எங்கே பிசகியது என்று தேடினாலும் தடயம் கிடைக்காது.

இன்னும் சிக்கலானது, ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் சேர் என்னும் நிபந்தனை எழுத்து. பேருந்து முன்பதிவு ஒன்றில் 14 ஆம் இருக்கைக்கு ஒருவர் இப்படிக் கோருகிறார் என்று கொள்வோம். காலக்கெடு மீறுகிறது, நிரல் மீண்டும் முயல்கிறது, இருக்கை ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வருகிறது. எடுத்தவர் அவரேதான். முதல் முயற்சி பின்னால் வென்றிருக்கிறது. நிரலுக்கு அது தெரியாததால், அவருக்கு இருக்கை இல்லை என்று சொல்லிவிடுகிறது. அந்த இருக்கை யாருக்கும் இல்லாமல் காலியாகவே ஓடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் ஒன்றை நிரலே உருவாக்கி வரியோடு சேர்த்து எழுத வேண்டும். காலக்கெடு மீறினால் சீரியல் இசைவு நிலையில் அவ்வரியைப் படித்து, உள்ளே இருப்பது தன் எண்தானா என்று பார்க்கலாம். சாதாரண இசைவு நிலையில் படிப்பது இங்கே போதாது. பாதியில் நிற்கும் முடிவை அது முடித்துவைக்காது.

வரிசை நீளும் விதம்

சுமைக்கும் தாமதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அன்று. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒரு பணியாளர் தன் நேரத்தில் பாதியை வேலையில் கழிக்கும்போது ஒரு வேலை முடியச் சராசரியாக அதன் அசல் நேரத்தைப் போல் இரு மடங்கு ஆகும். 80 விழுக்காட்டில் 5 மடங்கு, 90 இல் 10 மடங்கு, 95 இல் 20 மடங்கு. உண்மையான தரவுத்தளம் இம்மாதிரியைவிடச் சிக்கலானது என்றாலும் வளைவின் வடிவம் அதுவே. இதனால்தான் 80 விழுக்காடு வரை நன்றாகத்தானே ஓடியது என்ற வியப்பு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

கொள்ளளவைத் தாண்டிய பின் நிலை வேறு. நொடிக்கு 20,000 எழுத்துகளைச் செய்யக்கூடிய ஒரு கணுவுக்கு 22,000 வருகிறது என்று கொள்வோம். பத்து விழுக்காடே அதிகம். ஒவ்வொரு நொடியும் 2,000 எழுத்துகள் வரிசையில் தேங்கும். 20 நொடியில் 40,000 ஆகும். அப்போது வரிசையின் கடைசியில் சேரும் எழுத்து தன் முறைக்கு 40,000 ஐ 20,000 ஆல் வகுத்த நேரம், அதாவது சரியாக 2 நொடி, காத்திருக்க வேண்டும். அந்தக் கணத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு எழுத்துகள் மட்டும் தவறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. ஏறத்தாழ எல்லா எழுத்துகளும் காலக்கெடுவின் விளிம்பில்தான் இழைக்கு வந்து சேர்கின்றன. எழுதி முடித்துப் பதில் அனுப்பும்போது அங்கே காத்திருந்தவர் போய்விட்டிருப்பார். கணு முழு மூச்சாக வேலை செய்துகொண்டே யாருக்கும் பயன்படாமல் போகும் நிலை இது.

இதை ஓரளவு தடுக்கவே, நகல் கணு வரிசையிலிருந்து எடுக்கும் செய்தியின் வயதைப் பார்க்கிறது. காலக்கெடு கடந்திருந்தால் எழுதாமலே அதைக் கைவிடுகிறது. இப்படிக் கைவிடப்பட்டவற்றின் எண்ணிக்கையைப் பதிவுக்கோப்பில் 5 நொடிக்கொரு முறை காணலாம். கைவிடப்பட்ட எழுத்துகள் பற்றிய இவ்வரி, பயன்பாட்டு நிரலில் பிழை எதுவும் தெரியாதபோதும் தோன்றக்கூடும்: மூன்று நகல்களில் இரண்டு பதிலளித்துவிட்டால் நிரலுக்கு வெற்றிதான், ஆனால் மூன்றாவது கணுவில் அத்தரவு இல்லை. பிழை எழுவதற்கு நாள்கணக்கில் முன்பே கிடைக்கும் இந்த எச்சரிக்கையைக் கண்காணிப்பில் சேர்க்காமல் விடுவது பெருங்குறை.

காரணங்கள்

வட்டு. கமிட்லாக்கும் தரவுக் கோப்புகளும் ஒரே வட்டில் இருந்து, அதில் கம்பாக்‌ஷனும் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றும் ஒன்றையொன்று நெரிக்கும். மேகக் கணிமையில் இது வேறொரு வடிவம் எடுக்கிறது. அமேசானின் ஜிபி2 வகை வட்டுகளுக்கு ஒரு கிகாபைட்டுக்கு நொடிக்கு 3 செயல்கள் என்பது அடிப்படை வேகம். சிறிய வட்டுகள் சேமித்துவைத்த வரவைக்கொண்டு நொடிக்கு 3,000 செயல்கள் வரை தற்காலிகமாக எட்டலாம். 100 கிகாபைட் வட்டின் அடிப்படை வேகம் நொடிக்கு 300 மட்டுமே. முழு வரவும் இருந்தால் உச்ச வேகம் ஏறத்தாழ அரைமணி நேரம் நீடிக்கும். எனவே இருபது நிமிடம் ஓடும் சுமைச் சோதனை வெற்றியாக முடியும். உண்மையான சுமை முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் மோதி நிற்கும்.

கம்பாக்‌ஷன் தேக்கம். இதன் வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: 4.0 பதிப்புக்கு முன் நொடிக்கு 16 மெகாபைட், 4.0 முதல் 64. இன்றைய திடநிலை வட்டுகளுக்கு 16 மிகக் குறைவு. பழைய கிளஸ்டர்களில் இந்த எண் யாரும் தொடாமலே கிடக்கும். தேக்கம் கூடினால் முதலில் படித்தல்தான் மெதுவாகும். படிக்கும் வேலை செயலியையும் வட்டையும் பிடித்துக்கொள்ள, எழுதுதல் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

குப்பை நீக்கம். கசாண்ட்ரா ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகிறது. பயன்படாத நினைவகத்தைத் திரட்டும் நேரத்தில் சில கட்டங்களில் நிரல் முழுதும் நின்றுவிடும். 200 மில்லிநொடிக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் இயல்பாகவே பதிவுக்கோப்பில் குறிக்கப்படுகின்றன. ஒரு கணு 3 நொடி நின்றால், அந்த நேரத்தில் அதை ஒருங்கிணைப்புக் கணுவாகக் கொண்ட எல்லாக் கோரிக்கைகளும் மாட்டிக்கொள்ளும். பெரிய தொகுப்புகள் இதைத் தூண்டும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஒரு தொகுப்பு 5 கிலோபைட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, 50 ஐத் தாண்டினால் மறுப்பு என்பது இயல்பு அமைப்பு. வேகம் கூடும் என்று நம்பி நூற்றுக்கணக்கான வெவ்வேறு பார்ட்டிஷன் வரிகளை ஒரே தொகுப்பில் கட்டுவோர், அந்த மறுப்பு வரம்பையும் உயர்த்திவிடுகின்றனர். உறவுசார் தரவுத்தளங்களிலிருந்து வந்த இப்பழக்கம் இங்கே நேரெதிரான விளைவையே தரும். ஒரு கணு மற்ற எல்லாக் கணுக்களுக்கும் தூது போக வேண்டியிருக்கிறது.

சூடான பார்ட்டிஷன். மேலே சொன்னவற்றையெல்லாம் சரிசெய்தும் தீராத காலக்கெடு மீறல்களின் வேர் பெரும்பாலும் அட்டவணை வடிவமைப்பில் கிடக்கும். மின்மானிகளின் அளவீடுகளைச் சேர்க்கும் அட்டவணை ஒன்றில் தேதியே பார்ட்டிஷன் சாவி என்று கொள்வோம். 12 கணுக்கள், மூன்று நகல்கள். அன்றைய நாளின் 86,400 நொடிகளும், நாடெங்கும் உள்ள மானிகள் அனைத்தும் அனுப்பும் ஒவ்வோர் அளவீடும், அந்தத் தேதிக்குரிய அதே மூன்று கணுக்களுக்கே போகும். மற்ற 9 கணுக்கள் சும்மா இருக்கும். நள்ளிரவில் தேதி மாறும்போது சுமை வேறு மூன்று கணுக்களுக்குத் தாவும். நேற்று பழுதானவை என்று சந்தேகிக்கப்பட்டவை இன்று நலமாகிவிடும். கிளஸ்டரில் கணுக்களை 24 ஆக்கினாலும் 100 ஆக்கினாலும் இது மாறாது. மானி எண்ணையும் தேதியையும் சேர்த்துச் சாவியாக்கினால் அதே சுமை 12 கணுக்களிலும் பரவும். ஆனால் ஒரு நாளின் எல்லா அளவீடுகளையும் ஒரே கேள்வியில் படிக்கும் வசதி போய்விடும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாமல்தான் இவ்வடிவமைப்பு பல இடங்களில் நீடிக்கிறது.

நிபந்தனை எழுத்துகள் பாக்சோஸ் நெறிமுறையைப் பயன்படுத்துவதால், அவற்றின் முதல் வடிவமைப்பில் கணுக்களுக்கிடையே நான்கு சுற்றுப் பேச்சு தேவைப்பட்டது. ஒரே வரிக்குப் பலர் போட்டியிட்டால் சுற்றுகள் மீண்டும் மீண்டும் தொடங்கும். கவுண்டர்கள் எழுதுவதற்கு முன் படிக்கின்றன. அதனாலேயே அவற்றின் காலக்கெடு தனியாக 5 நொடி என வைக்கப்பட்டுள்ளது. பார்வை அட்டவணைகளும், அதாவது மெட்டீரியலைஸ்டு வியூ, எழுதும்போது படிக்கும் வகையே.

கண்டறிதல்

முதலில் பிழை யாருடையது என்று பார்க்க வேண்டும். ஜாவா இயக்கியின் 4 ஆம் பதிப்பில் நிரலின் பக்கத்துக் காலக்கெடுவும் இயல்பாக 2 நொடிதான். வழங்கியின் காலக்கெடுவும் அதே 2 நொடி என்பதால், வழங்கி தன் பிழையை அனுப்புவதற்குள் இயக்கியே கைவிட்டுவிடும். அப்போது கிடைக்கும் பிழையில் மேற்சொன்ன நான்கு விவரங்களும் இருக்காது. இயக்கியின் காலக்கெடுவை வழங்கியினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தாலே பாதி இருட்டு விலகிவிடும்.

அடுத்தது பரப்பு. எல்லாக் கணுக்களிலுமா, ஓரிரு கணுக்களிலா? எல்லா அட்டவணைகளிலுமா, ஒன்றிலா? ஒரு கணு மட்டும் என்றால் அதன் வட்டு, குப்பை நீக்கம், வலையட்டை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். நகல்களின் எண்ணிக்கைக்குச் சரியாக மூன்று கணுக்கள் என்றால் சூடான பார்ட்டிஷன் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் என்றால் கொள்ளளவு தீர்ந்திருக்கிறது, அல்லது யாரோ பெருந்தொகை ஏற்றும் வேலை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். இக்கேள்வியை முதலில் கேட்காமல் அமைப்புக் கோப்பைத் திறப்பவர்கள் பல மணி நேரத்தை வீணாக்குகின்றனர்.

கசாண்ட்ராவோடு வரும் நோட்டூல் என்னும் கட்டளைக் கருவி இதற்குப் போதுமானது. இழைத்தொகுதிகளின் நிலையைக் காட்டும் டிபிஸ்டாட்ஸ் கட்டளையில், எழுதும் இழைத்தொகுதியில் காத்திருப்பவை எத்தனை, மெம்டேபிளை வட்டில் இறக்கும் தொகுதியில் தடைபட்டவை எத்தனை, கைவிடப்பட்டவை எத்தனை என்று தெரியும். இரண்டாவது எண் ஏறிக்கொண்டிருந்தால் சிக்கல் வட்டில். ஒருங்கிணைப்புக் கணு அளக்கும் தாமதத்தை பிராக்ஸிஹிஸ்டோகிராம்ஸ் கட்டளையும், அட்டவணையின் உள்ளூர்த் தாமதத்தை டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ் கட்டளையும் காட்டுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது மிகப் பயனுள்ள சோதனை. உள்ளூர்த் தாமதம் மைக்ரோநொடிகளிலும் ஒருங்கிணைப்புத் தாமதம் நொடிகளிலும் இருந்தால், எழுத்து எடுத்துக்கொள்ளப்பட்ட பின் மெம்டேபிளில் சேர்வது விரைவாகவே நடக்கிறது. நேரம் அதற்கு முந்தைய வரிசையிலோ வலையமைப்பிலோ கரைகிறது. சராசரி எண்களை நம்பக்கூடாது. ஆயிரத்தில் ஒன்று 2 நொடி ஆனாலும் சராசரி அழகாகவே இருக்கும்.

நேர ஒழுங்கும் துப்பு தரும். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் எழுந்து அடங்கினால் கால அட்டவணைப்படி ஓடும் வேலை ஏதோ ஒன்று. கணுக்களின் கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது: செய்தி புறப்பட்ட நேரத்தை அனுப்பிய கணுவின் கடிகாரத்தின்படி கணக்கிடும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், கடிகாரம் பிசகிய கணு புத்தம்புதிய செய்திகளையும் பழையவை என்று கைவிடும்.

புதிய கணு சேர்ந்துகொண்டிருக்கும்போது பிழைச் செய்தியில் ஒரு புதிர் தோன்றும்: மூன்று நகல், குவோரம் என்றால் இரண்டு பதில் போதும், ஆனால் மூன்று தேவை என்று பிழை சொல்லும். சேர்ந்துகொண்டிருக்கும் கணுவுக்கும் அதே எழுத்து அனுப்பப்படுவதோடு, தேவையான பதில்களின் எண்ணிக்கையும் ஒன்று கூடுகிறது. தரவு விடுபடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. சுமை உச்சத்தில் இருக்கும்போது கணுவைச் சேர்த்தால் நிலைமை சிறிது காலம் மோசமாவதற்கு இதுவும், பழைய தரவை நகலெடுத்து அனுப்பும் வேலையும் காரணங்கள்.

மறுமுயற்சியும் காலக்கெடு நீட்டலும்

தவறினால் மூன்று முறை முயல் என்று இயக்கியில் ஓர் அமைப்பு. அதை அழைக்கும் சேவையிலும் மூன்று முறை. அதற்கும் மேலே செய்தி வரிசையிலிருந்து எடுப்பவரிடமும் மூன்று முறை. ஒவ்வோர் அடுக்கையும் எழுதியவர் தம்மளவில் நியாயமாகவே நடந்திருக்கிறார். ஆனால் ஓர் எழுத்து 27 முயற்சிகளாகிறது. மூன்று நகல்களுக்கும் போவதால் 81 செய்திகள். பத்து விழுக்காடு கூடுதல் சுமையில் தொடங்கிய தேக்கம் இப்படித்தான் சரிவாகிறது. தூண்டிய காரணம் நீங்கிய பின்னும் மறுமுயற்சிகளே சுமையாக நின்று கிளஸ்டரை எழவிடாமல் அழுத்தும். மறுமுயற்சியை ஓர் அடுக்கில் மட்டும் வைப்பது, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே காத்திருப்பை இரட்டிப்பாக்கி அதில் சிறிது தற்செயலையும் கலப்பது, மொத்தக் கோரிக்கைகளில் மறுமுயற்சிகளின் பங்குக்கு வரம்பிடுவது ஆகியவை இதற்கான வழக்கமான மருந்துகள்.

காலக்கெடுவை 2 நொடியிலிருந்து 10 நொடியாக்கினால், மேற்கண்ட கணக்கில் வரிசை 40,000 என்பதற்குப் பதில் 2,00,000 ஆகும் வரை வளர இடம் கிடைக்கிறது. அத்தனையும் நினைவகத்தில் உட்காரும். குப்பை நீக்கம் நீளும். கணு மற்றவற்றின் கண்ணுக்கு இறந்ததாகத் தோன்றும். நிலையான மிகைச்சுமைக்கு நீட்டல் மருந்தாகாது. தொலைவான தரவு மையங்களுக்கிடையே எழுதுதல், எப்போதாவது வரும் சிறு திமிறல் போன்றவற்றுக்கு அளவான நீட்டல் பொருந்தும். எழுதும் இழைகளை 32 இலிருந்து உயர்த்துவதும் இப்படியே: செயலியும் வட்டும் ஓய்வாக இருந்தால் உதவும், அவை ஏற்கெனவே நிறைந்திருந்தால் நெரிசலை இடம் மாற்றும்.

உடனடி நிவாரணம் வேண்டியபோது சுமையைக் குறைப்பதுதான் நேர்வழி. பெருந்தொகை ஏற்றும் வேலைகளை நிறுத்துவது, நகல்களைச் சரிபார்க்கும் ரிப்பேர் வேலையைத் தள்ளிவைப்பது, ஒவ்வொரு நிரலும் ஒரே நேரத்தில் பதிலுக்காக வைத்திருக்கும் கோரிக்கைகளுக்கு வரம்பிடுவது ஆகியவை நிமிடங்களில் பலன் தரும். கணுவை மறுதொடக்கம் செய்வது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் எழும் கணு கமிட்லாக்கை மீண்டும் படித்து முடிக்கும் வரை அதன் சுமை மற்றவற்றின் தோளில் ஏறும்.

அடங்கிய பின்

பதிலளிக்காத நகல் கணுவுக்குரிய எழுத்தை ஒருங்கிணைப்புக் கணு ஹின்ட் என்னும் குறிப்பாகத் தன்னிடம் வைத்திருந்து பின்னர் அனுப்புகிறது. இயல்பாக 3 மணி நேரத்துக்கு மேல் விழுந்துகிடக்கும் கணுவுக்குப் புதிய குறிப்புகள் சேர்க்கப்படுவதில்லை. குறிப்புகளைத் திருப்பி அனுப்புவதே ஒரு புதுச் சுமை. வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அவசரப்படுத்தினால், இப்போதுதான் எழுந்த கணு மீண்டும் விழக்கூடும். ஒருங்கிணைப்புக் கணுவே விழுந்து அதன் வட்டும் போனால் குறிப்புகளும் போய்விடும். எனவே கைவிடப்பட்ட எழுத்துகள் கணிசமாக இருந்திருந்தால் ரிப்பேர் ஓட்டியாக வேண்டும். நீக்கல் குறிகள் இயல்பாக 10 நாள் கழித்து அகற்றப்படத் தகுதிபெறுவதால் அதற்குள் ஓட்டுவது அவசியம். தவறினால், நீக்கியதாக நினைத்த வரிகள், நீக்கல் செய்தியைப் பெறாத கணுவிலிருந்து மீண்டும் உயிர்பெற்று எழும்.

பிற தரவுத்தளங்களில்

மாங்கோடிபியில் எழுத்துக்கான காத்திருப்பு வரம்பு கடந்தால் பிழை வரும். ஏற்கெனவே நடந்த மாற்றங்கள் அங்கும் திரும்பப் பெறப்படுவதில்லை. குபர்னெட்டிஸ் தன் நிலையைச் சேமித்துவைக்கும் இட்சிடி, கசாண்ட்ராவைப் போலன்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் உறுதிசெய்த பிறகே ஒப்புக்கொள்கிறது. அதனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது வட்டைத்தான்: உறுதிசெய்யும் செயல்கள் நூறில் 99 உம் 10 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும் என்று அதன் ஆவணம் பரிந்துரைக்கிறது.